மண்ணரையில் வேகாத சோறு

பேய், காத்து, கருப்பு என்று யாராவது என் மெஸ்ஸில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால், இலையை எடுத்துப் போட்டுவிட்டு வெளியே போய்ப் பேசு என்று விரட்டிவிடுவேன். நான் அப்படிப்பட்ட ஆள். கோயிலுக்குப் போவேன், கிருத்திகைக்கு ஒரு பொழுது இருப்பேன், அத்தோடு சரி. மந்திரித்த கயிறு கட்டிக்கொண்டதில்லை, வாசலில் எலுமிச்சம்பழம் தொங்கவிட்டதில்லை. இத்தனை வருடம் அடுப்படியில் நின்றவளுக்கு நெருப்பு எப்படி எரியும், தண்ணீர் எப்படிக் கொதிக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால்தான் இதைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சரசுவுக்கு வெயிலில் மூளை உருகிவிட்டது என்று சிரித்துவிட்டுப் போங்கள், ஏற்கெனவே நிறையப் பேர் சிரித்தாயிற்று.

திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனிக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு மெஸ் நடத்துகிறேன். கம்பெனிப் பேர் எதற்கு, விடுங்கள். மத்தியானம் மணி அடித்தால் தையலில் இருந்தும் கட்டிங்கில் இருந்தும் மொத்தமாக வந்து விழுவார்கள். எங்கள் ஊர் ஆள், தெக்கத்தி ஆள், பீகார், ஒடிசா, எல்லாரும் ஒரே பெஞ்சில்தான். எனக்குக் கூடமாட ஒத்தாசைக்கு ருக்மணி இருக்கிறாள். தென்காசிப் பக்கம். வாய் ஓயாது, கையும் ஓயாது, அதனால் வைத்திருக்கிறேன்.

அயர்ன் செக்‌ஷனில் பிரேம் என்று ஒரு நேபாளத்துக்காரன். நல்ல வேலைக்காரன். அவன் பெண்டாட்டி மாயா அதே கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். அவன் தமிழ் கற்றுக்கொண்டது என் மெஸ்ஸில் என்பதால் எங்களைப் போலவே ‘ங்க’ போட்டுப் பேசுவான். அவனிடம் ஒரே ஒரு கிறுக்கு. பங்குனி பிறந்தால் அயர்ன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடுவான். அங்கே ஏதோ ஒரு பெரிய மலை, பேர் சொன்னான், என் வாயில் நுழையவில்லை. வெள்ளைக்காரர்கள் வந்து அதன்மேல் ஏறுவார்களாம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே கூடாரம் போட்டு அவர்களுக்குச் சமைத்துப் போடுவது இவன் வேலை. மழைக்காலம் தொடங்கினால் மலையை மூடிவிடுவார்கள், இவனும் திரும்பி வந்துவிடுவான்.

நான் ஒரு நாள் நேராகவே கேட்டேன்.

"ஏம்ப்பா, அங்க புல்லுகூட மொளைக்காதுங்கற. அப்புறம் எதுக்கு அதும்மேல ஏறறாங்க?"

"மேல போயி நின்னுட்டு எறங்கறதுக்குங்க அக்கா."

"நின்னு?"

"போட்டோ புடிப்பாங்க."

"அட கருமமே. இதுக்கா நீ அடுப்பைத் தூக்கிட்டுப் போற?"

அவன் சிரிப்பான். ஆனால் அந்த மலையைப் பற்றி அவன் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது, சோறு போடும்போது காது சும்மாதானே இருக்கிறது. கீழே ஊர் இருக்கும் மட்டும்தான் மரமாம். அதற்கு மேல் புதர், அதற்கு மேல் கல், அதற்கு மேல் ஐஸ்தான். ஆறு ஓடுகிற மாதிரியே ஐஸ் இறங்கி வருமாம், கண்ணுக்குத் தெரியாமல் நகருமாம், நடுவில் கிணறு ஆழத்துக்குப் பிளந்து கிடக்குமாம். அதன்மேல் ஏணியைப் படுக்கப்போட்டு நடப்பார்களாம். வெயில் ஏறுவதற்குள் கடந்துவிட வேண்டும், சூடு பட்டால் மேலே ஒட்டிக்கொண்டிருக்கிற கல்லெல்லாம் கழன்று விழும். உச்சியில் காற்று நிற்காது. பனியை அது சீவிச் சீவி எறிவதால், கீழேயிருந்து பார்த்தால் டையிங் பட்டறை புகைபோக்கி மாதிரி வெள்ளையாக ஒரு வால் ஒரே பக்கமாக நீண்டு நிற்குமாம். காற்று அடிக்கிற இடத்தில் பனி தங்காது, கறுப்புப் பாறை பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். வெயிலில் நின்றால் மூக்குக்குள்ளே கூடத் தோல் உரியுமாம், பக்கத்தில் நிழலில் வைத்த தண்ணீர் கட்டியாகக் கிடக்குமாம். மூச்சு இழுத்தால் உள்ளே ஒன்றும் போகாதாம். இதையெல்லாம் நான் ஒத்துக்கொண்டேன். பார்க்காத இடம், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒத்துக்கொள்ளாதது ஒன்றுதான். ஒரு நாள் சோறு அரைப் பதத்தில் இறங்கிவிட்டது. பிரேம் ஒரு வாய் வைத்துவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அக்கா, இன்னிக்கு மலைச் சோறுங்க" என்றான். என்னடா அது என்றால், அங்கே உயரத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுமாம், ஆனால் சூடே இருக்காதாம். தளபுள என்று கொதிக்கும் டீயை ஊதாமல் குடிக்கலாமாம். நாள் முழுக்கக் கொதித்தாலும் அரிசி அரிசியாகவே கிடக்குமாம். குக்கரில் வைத்து இறுக்கினால்தான் வேகுமாம்.

"தண்ணி கொதிச்சா அரிசி வேகோணும். வேகலைன்னா உனக்கு ஆக்கத் தெரியலைன்னு அர்த்தம்."

"அப்ப நீங்களே ஒருக்கா அங்க வந்து ஆக்கிக் காட்டுங்க அக்கா."

"வர்றேன், பழைய பஸ் ஸ்டாண்டுல பஸ் இருக்குதா கேட்டுச் சொல்லு."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. மாயாவும் சிரித்தாள். அந்தப் பங்குனியிலும் அவன் கிளம்பிப் போனான்.

சித்திரை முடிகிற சமயம். அக்னி வெயில். பிரேம் கீழ்க்கூடாரத்தில் இருந்து மாயாவுக்குப் போன் செய்து, மேலே போகிறேன், சில நாள் பேச முடியாது என்று சொல்லியிருக்கிறான். அந்தச் சில நாளும் போயிற்று. பிறகு அவனை அனுப்பிய ஆபீஸில் இருந்து போன் வந்தது. மலையில் புயல், மேல்கூடாரத்தில் இருந்தவர்களிடம் பேச முடியவில்லை, காற்று நின்றால்தான் ஆள் போக முடியும், பொறுத்திருங்கள் என்றார்களாம். பொறுத்திரு என்று சொல்வதற்கு ஒரு ஆபீஸ், அதற்கு ஒரு ஏசி ரூம்.

மாயா வேலைக்கு வராமல் இருக்கவில்லை. ரூமில் உட்கார்ந்து என்ன செய்வாள்? செக்கிங் டேபிளில் பனியனில் எங்கே ஓட்டை, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று பார்த்து அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. அவள் ஒன்றுமில்லாத இடத்திலெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாள். நல்ல பீஸ் அத்தனையும் டேமேஜ் என்று திரும்பி வந்ததும் சூப்பர்வைசர் அவளிடம் கத்தினான். நான் கரண்டியோடு உள்ளே போய்விட்டேன்.

"ஏனுங் தம்பி, நீங்க தகவல் இல்லாம எங்கயாச்சும் மாட்டியிருந்தா உங்க சம்சாரம் எங்க ஸ்டிக்கர் ஒட்டுவாங்கன்னு நெனைச்சீங்க?"

"அக்கா, ஷிப்மெண்ட் இருக்குதுங்க..."

"இருக்கட்டும். ஷிப்மெண்டு மலைமேலயா மாட்டியிருக்குது?"

அவன் அடுத்த டேபிளுக்கு நகர்ந்துவிட்டான்.

அதற்கு அடுத்த நாள்தான். பட்டப்பகல், காலை டீ முடிந்து மத்தியானச் சோற்றுக்கு உலை வைத்திருந்தோம். பேய்க்கதை சொல்கிறவர்கள் அமாவாசை, நடுச்சாமம், நாய் ஊளை என்பார்கள். என் தலையெழுத்து, எனக்கு வெட்ட வெயிலில் நடந்தது.

முதலில் சிப்ஸ் பாக்கெட். கல்லா மேசைக்குப் பக்கத்தில் சரம் சரமாகத் தொங்கவிட்டிருப்பேன். ருக்மணிதான் பார்த்தாள்.

"எக்கா, இங்க பாருங்க, இதெல்லாம் என்ன இப்படி முழுகாம இருக்கு?"

ஒவ்வொரு பாக்கெட்டும் ஊதிப் புடைத்து பலூன் மாதிரி நின்றது. வெயில் என்றேன். தகரத்துச் சூட்டுக்கு வீங்கியிருக்கும் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் ஒன்று பட்டென்று வெடித்து ருக்மணி தலையில் கொட்டியது.

பிறகு அடுப்பு. நீலமாக எரிகிற கேஸ் மஞ்சளாகச் சோம்பி எரிந்தது. சிலிண்டரை மாற்றினேன், அதிலும் அப்படித்தான். கேஸ் போடுகிற பையனைப் போனில் கூப்பிட்டு வாயில் வந்ததெல்லாம் திட்டினேன். திட்டும்போதே எனக்கு மூச்சு வாங்கியது. நான் மூச்சு வாங்காமல் அரைமணி நேரம் திட்டக்கூடியவள். தலை விண்விண் என்று தெறித்தது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்த ருக்மணி பாதியில் இறக்கி வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அண்டாவில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. சும்மா இல்லை, குதித்துக் குதித்துக் கொதித்தது. வேக வேண்டிய நேரம் தாண்டியும் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினால் நடுவில் கல் மாதிரி இருக்கிறது. அரிசிக் கடைக்காரனுக்கு மனசுக்குள் கருமாதி செய்துவிட்டேன். ஆனால் அது முந்தின நாள் வெந்த அதே மூட்டை அரிசி. எத்தனை நேரம் போனாலும் அதே பருக்கை, அதே கல்.

அப்போதுதான் மாயா வந்தாள், தலைவலி மாத்திரை இருக்கிறதா என்று கேட்டு. வந்தவள் சிப்ஸ் சரத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு பாக்கெட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் அவ்வளவாக வராது.

"அக்கா. இது அங்க. அவரு இருக்கற எடம்."

"பைத்தியம் மாதிரிப் பேசாத கண்ணு. இது மண்ணரை."

அவள் பக்கத்து அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த டீயை ஒரு டம்ளரில் மொண்டு, ஊதாமல், என் கண் முன்னாலேயே மடமடவென்று குடித்தாள். டம்ளரை என்னிடம் நீட்டினாள். நானும் குடித்தேன். நாக்கு பொத்துப்போகும் என்றுதான் குடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், குழந்தைக்குக் கொடுக்கிற சூடுதான் இருந்தது. சட்டியில் அது தளபுளவென்று கொதித்துக்கொண்டிருக்கிறது.

அந்த நேரத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். தகரக் கூரை தடதடவென்று அடித்துக்கொண்டது, ரயில் போகிற மாதிரி ஒரு இரைச்சல். வெளியே எட்டிப் பார்த்தேன். வேப்பமரத்தில் ஒரு இலை ஆடவில்லை.

எனக்குப் பயம் வரவில்லை, கோபம் வந்தது. எந்த மலையாக இருந்தாலும் என் அடுப்பில் வந்து என்ன வேலை? மணி அடித்தால் அத்தனை பேர் வந்து உட்காருவார்கள். குக்கர்தான் வேண்டும் என்றால், இந்த அண்டாவைக் குக்கராக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். பிரியாணிக்குத் தம் போடுகிறவர்கள் மாவு வைத்து மூடுவதைப் பார்த்திருக்கிறேன். பரோட்டாவுக்கு வைத்திருந்த மைதாவைப் பிசைந்து அண்டா விளிம்பு முழுக்க அப்பினேன். மாவு போதவில்லை. கை துடைக்க வைத்திருந்த பனியன் வேஸ்டை ஈரம் பண்ணி மீதி இடைவெளியில் திணித்தேன். அந்த வாரம் கம்பெனியில் கிளிப்பச்சை ஆர்டர் ஓடிக்கொண்டிருந்ததால் வேஸ்ட் அத்தனையும் கிளிப்பச்சை. மூடியைப் போட்டு, அம்மிக்கல்லை நானும் ருக்மணியும் மாயாவுமாகத் தூக்கி அதன்மேல் வைத்தோம். நீங்கள் யாரும் இப்படிச் செய்து பார்க்காதீர்கள், வெடித்தால் கொட்டகையே போய்விடும். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை.

மூடி அம்மியோடு சேர்ந்து தூக்கித் தூக்கிப் போட்டது. மாயா இரண்டு கையாலும் அம்மியைப் பிடித்து அழுத்திக்கொண்டே நின்றாள். அவள் பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். சாமியிடம் பேசுகிறாளா அவனிடம் பேசுகிறாளா என்று தெரியவில்லை, நடுவில் அவன் பேர் வந்தது. கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசர் ஆள் அனுப்பி அவளைக் கூப்பிட்டுவிட்டான், கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அப்புறம் திடீரென்று கூரைச் சத்தம் நின்றது. அடுப்பு நீலமாக எரிந்தது. சிப்ஸ் பாக்கெட் எல்லாம் காற்று இறங்கித் துவண்டு தொங்கின. காதுக்குள் ஏதோ அடைப்பு விட்ட மாதிரி இருந்தது.

அடுப்பை அணைத்து, ஆவி அடங்கவிட்டு, அம்மியை இறக்கினோம். ஒட்டிக் காய்ந்திருந்த மாவைக் கத்தி வைத்துச் சுரண்டித்தான் மூடியைத் திறந்தேன். மூடி அதுவரைக்கும் திறக்கவில்லை, இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சோறு வெந்திருந்தது. கஞ்சி வடிக்காததால் கொஞ்சம் இறுகலாக இருந்தது, ஆனால் நன்றாக வெந்திருந்தது. ஒரு ஓரத்தில் பள்ளம்.

நான் சோறு அள்ளுவது கரண்டியால் இல்லை, ஒரு பழைய சில்வர் தட்டால். அந்தத் தட்டின் விளிம்பில் ஒரு நசுங்கல் உண்டு, அள்ளின இடத்தில் அந்த நசுங்கல் கோடு விழும். அந்தப் பள்ளத்தில் மூன்று தட்டு சோறு அள்ளிய தடம் இருந்தது. அடுத்தடுத்து மூன்று கோடு. என் தட்டு சுவரில் ஆணியில் காய்ந்துபோய்த் தொங்கிக்கொண்டிருந்தது.

ருக்மணி எட்டிப் பார்த்தாள். "சோறு அமுங்கியிருக்கும்க்கா."

"அமுங்கினா தட்டுக் கோடா விழும்?"

"அப்ப எலியா இருக்கும்."

"கொதிக்கிற அண்டாவுக்குள்ளயா? வாயை மூடிட்டு எலையை எடு, மணி அடிக்கப் போறான்."

அவளுக்கும் அதற்கு மேல் பேசப் பயம். அந்தப் பள்ளத்தை நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் பார்த்தோம். மாயாவிடம்கூடச் சொல்லவில்லை. இருக்கிற பயம் போதும் அவளுக்கு.

மறுநாள் சாயங்காலம் மாயா செக்கிங்கில் இருந்து ஓடி வந்தாள், செருப்பு இல்லாமல். மேல்கூடாரத்தில் இரண்டு பேர் உயிரோடு இருந்தார்கள், இறங்கிக்கொண்டிருக்கிறார்கள், ஒருவன் பிரேம் என்று ஆபீஸில் இருந்து போன் வந்ததாம். கொட்டகை வாசலில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று ருக்மணியை மிரட்டி வைத்திருந்தேன், இப்போது நானே சொல்லிவிட்டேன்.

ஆடியில் பிரேம் வந்து சேர்ந்தான். இடது கையில் இரண்டு விரல் நுனி போயிருந்தது. பனி தின்றுவிட்டதாம். முகம் கரிந்து தோல் உரிந்து கிடந்தது. கூட்டமெல்லாம் சாப்பிட்டுப் போனபிறகு அவனை உட்காரவைத்து நானே போட்டேன். மாயா பக்கத்தில் இருந்தாள். சோறு வேகாமல் அண்டாவை மூடிய கதையை அவள் அவனிடம் சொல்லியிருந்தாள். அதனால் நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் அவன் வாயால் வரட்டும் என்று கேட்டேன்.

"அன்னிக்கு நீ என்னப்பா சாப்பிட்ட?"

அவன் சொன்னான். புயல் ஒரு கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு போனதில் குக்கரும் போய்விட்டதாம். இருந்தது ஒரு சட்டி, ஒரு பை அரிசி, தீரப்போகிற கேஸ். அரிசி கொதித்துக்கொண்டே இருந்திருக்கிறது, வேகவில்லை. வயிற்றில் ஒன்றும் இல்லாமல் இன்னொரு ராத்திரி தாங்காது, உடம்புச் சூடு போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். கூட இருந்த வெள்ளைக்காரருக்கு நினைவு தப்பத் தொடங்கியிருந்தது.

"அப்புறம் மூடியத் தொறந்தா வெந்த சோறுங்க அக்கா. பொங்கி நிக்குது. நம்ம மெஸ்ஸு வாசம். நான் அழுதுட்டனுங்க." பிறகு எப்போதும்போல் ஒரு நக்கல். "ஆனா உங்க சோத்துல நூலு கெடந்துச்சு. பச்சை நூலு. ஹோட்டல் நடத்தறவங்க பாத்து ஆக்கோணுங்க."

நான் சிரிக்கவில்லை. மாயா அவனிடம் மாவு, அம்மி எல்லாம் சொன்னாளாம், வேஸ்ட் என்ன கலர் என்று சொல்லவில்லையாம். அவளையே கேட்டேன். அதைவிட எனக்கு வேறு ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

"எத்தனை தட்டு போட்ட?"

"மூணுங்க."

"இருந்தது ரெண்டு பேருதானே? நீ ரெண்டு தட்டு தின்னியா?"

"இல்லீங்க அக்கா. எனக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு, இன்னொருத்தருக்கு ஒண்ணு."

"எந்த இன்னொருத்தர்?"

கூடாரத்தில் மூன்று பேர் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தானாம். யார் என்று கேட்கத் தோன்றவே இல்லையாம். வாசல் ஓரமாக உட்கார்ந்திருந்தாராம், கையில் உறை இல்லையாம். தட்டை வாங்கிச் சுத்தமாகச் சாப்பிட்டாராம். மறுநாள் கயிற்றைப் பிடித்து இறங்கும்போது திரும்பிப் பார்த்தால் இரண்டு பேர்தான். கீழே வந்ததும் அந்த வெள்ளைக்காரரும் முதலில் கேட்டது, நம்முடன் இருந்த அந்த ஆள் எங்கே என்பதுதானாம்.

"மொகம்?"

"எனக்குக் கண்ணு எரிஞ்சுட்டு இருந்துச்சுங்க. சரியாப் பாக்கலீங்க."

"ஏதாச்சும் பேசுனாரா?"

பிரேம் மாயாவைப் பார்த்தான். அவளிடமும் இதை அவன் சொல்லியிருக்கவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேட்டாருங்க. இந்தச் சோறு எங்க கெடைக்கும்னு."

"எந்தப் பாஷையில?"

"அது தெரியலீங்க. புரிஞ்சுது."

"நீ என்ன சொன்ன?"

"சொன்னனுங்க அக்கா. திருப்பூரு, மண்ணரை, கம்பெனிக்குப் பின்னாடி தகரக் கொட்டாய், சரசக்கா மெஸ்ஸுன்னு."

அன்றைக்கு அவனைத் திட்டின மாதிரி நான் யாரையும் திட்டியதில்லை. போகிற வருகிறவனுக்கெல்லாம் என் அட்ரஸைக் கொடுப்பாயா என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு பிரேம் மலைக்குப் போகவில்லை. இங்கேதான் இருக்கிறான், ஒரு கையால் பீஸை இழுத்துப்பிடிக்கக் கொஞ்சம் சிரமம், ஆனாலும் அயர்ன் நன்றாகத்தான் போடுகிறான்.

சிப்ஸ் பாக்கெட் மறுபடி வீங்கவில்லை. சோறு வேகாமல் இருந்ததும் இல்லை. ஆனால் எப்போதாவது, மாதம் ஒரு தரமோ என்னவோ, நான் கணக்கு வைத்துக்கொள்வதில்லை, வடித்து மூடி வைத்த அண்டாவைத் திறந்தால் ஒரு ஓரத்தில் பள்ளம் இருக்கும். மூன்று தட்டு இல்லை, ஒரே தட்டு. நசுங்கல் கோடு விழுந்திருக்கும். என் தட்டு ஆணியில்தான் தொங்கும், அக்னி வெயிலிலும் தொட்டால் கை ஒட்டிக்கொள்கிற அளவுக்குச் சில்லென்று இருக்கும்.

ருக்மணி அந்தப் பக்கம் பார்க்க மாட்டாள். நானும் யாரிடமும் கேட்பதில்லை. அன்றைக்கு மட்டும் அந்தத் தட்டை வேறு யாருக்கும் அள்ள எடுக்காமல், கரண்டியால் சோறு போடுகிறேன்.